குழாய் நிற்கும் தேதி: கேப் டவுனில் படித்த ஒரு தலைமைப் பாடம்

2018 ஜனவரி 27ஆம் தேதி நாங்கள் பதினேழு பேர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இறங்கினோம். ஊரில் குழாய் நிற்கப்போகும் நாளுக்கு அப்போதே தேதி குறித்துவிட்டிருந்தார்கள்: ஏப்ரல் 12. அதற்கு ‘டே ஜீரோ’ என்று பெயர். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் போடுவதுபோல ரேடியோவிலும் செய்தித்தாளிலும் ஓட்டல் கழிப்பறைக் கதவிலும் அந்தத் தேதி தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் நான் முதுகலை படித்த இடத்தில் தலைமைத்துவம் ஒரு தாள். அதன் ஒரு பகுதியாக மூன்று வாரம் வெளிநாட்டில் தங்கிப் படிக்க வேண்டும். மாணவர்கள் 15 பேர், ஒரு பேராசிரியை, அவருக்கு ஓர் உதவியாளர். தினமும் ஒருவர் ‘அன்றைய தலைவர்’. வண்டி எத்தனை மணிக்கு, சாப்பாடு எங்கே, சந்திக்கப் போகிறவரிடம் யார் முதல் கேள்வி கேட்பது, எல்லாம் அவர் பொறுப்பு. இரவில் வட்டமாக உட்கார்ந்து அவர் செய்ததை அலசுவோம். வண்டியையே தவறவிட்டாலும் பேராசிரியை தலையிட மாட்டார். ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு நிகழ்வு ஆய்வு எழுதித் தர வேண்டும்.

நான் எழுதித் தந்தது நாங்கள் தங்கிய வீட்டின் தண்ணீர் மீட்டரைப் பற்றி. அதில் இரண்டே வரியில் தாண்டிப்போன ஒரு விஷயம் உண்டு. அதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

பயணத் திட்டம் என்னவோ மண்டேலாவைச் சுற்றித்தான் போட்டிருந்தது. ராபன் தீவுக்குப் படகில் போனோம். சிறையிலிருந்த 27 ஆண்டுகளில் 18ஐ அவர் கழித்த இடம். முன்னாள் அரசியல் கைதிகளே அங்கே வழிகாட்டிகள். சுண்ணாம்புக்கல் குவாரியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மனதில் நின்றது வேறு: அந்தக் காலத்துக் கைதிகள் குளிர்ந்த கடல்நீரில்தான் குளித்தார்களாம். தண்ணீரைத் தவிர வேறெதுவும் காதில் விழாத மனநிலைக்கு அதற்குள் வந்துவிட்டேன்.

இதில் இன்னொன்று. தலைமை படிக்க வந்தவர்களுக்கு அதைவிட நல்ல மாதம் வாய்த்திருக்காது. பிப்ரவரி 14 இரவு ஜேக்கப் ஜூமா தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகினார். மறுநாள் அதே கேப் டவுனில், நாடாளுமன்றத்தில், சிரில் ராமபோசா குடியரசுத் தலைவரானார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆய்வுத் தலைப்பை அன்றே மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. காரணம், எனக்கு வேறு ஒரு கணக்குப் பாக்கி இருந்தது.

ஊரின் கணக்கு

கேப் டவுனுக்கு மழை குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை. 2015, 2016, 2017 மூன்று ஆண்டும் அது பொய்த்தது. நகரத்துக்குத் தண்ணீர் தருவது ஆறு பெரிய அணைகள். மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல் தீவாட்டர்ஸ்க்ளூஃப் என்ற ஒரே அணையில். நாங்கள் பார்க்கப் போனபோது அது அணை மாதிரியே இல்லை. மணல் மேடு, அதில் பட்டுப்போன மரங்களின் கட்டைகள், வெகுதூரத்தில் ஒரு பளபளப்பு. சென்னையில் வளர்ந்தவளுக்குச் செம்பரம்பாக்கத்தைக் கோடையில் பார்த்த பழக்கம் உண்டு. இருந்தும் அந்த மணலில் நடந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

டே ஜீரோ என்பது கடைசிச் சொட்டு தீரும் நாள் அல்ல. அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்தைத் தொட்டால் வீடுகளுக்குப் போகும் பெரும்பாலான குழாய்களை நகராட்சியே மூடிவிடும். அதன்பின் சுமார் 200 விநியோக மையங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் ஏறத்தாழ 40 லட்சம் பேர். ஒரு மையத்துக்கு 20,000 பேர் என்று வகுத்துப் பார்த்தால் போதும், அப்புறம் விளக்கம் தேவையில்லை.

ஜனவரி 1 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 87 லிட்டர் என்று வரம்பு இருந்தது. அதை மீறுகிறவர்கள் 60 சதவீதம் என்று மேயர் பட்ரீசியா டி லில் ஜனவரி நடுவில் கடிந்துகொண்டார். கெஞ்சிய காலம் போய்விட்டது, இனிக் கட்டாயப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பிப்ரவரி 1 முதல் வரம்பு 50 லிட்டர். அந்த ஜனவரியில் நியூலாண்ட்ஸ் டெஸ்டுக்கு வந்த இந்திய அணியையும் குளியலை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆட்டத்தில் 72 ரன்னில் தோற்றதற்குக் காரணம் அது அல்ல.

சரி, இந்தத் தேதியைச் சொன்னது யார்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அணைகளுக்கும் மொத்த நீர் வழங்கலுக்கும் பொறுப்பு மத்திய அரசு. அங்கே அப்போது ஆட்சியில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ். மாகாணமும் நகரமும் அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணியின் கையில். மாகாணப் பிரதமர் ஹெலன் ஜில்லே மத்திய அரசைக் குறை சொல்ல, மத்திய அரசு நகரத்தைக் குறை சொன்னது. போதாக்குறைக்கு டி லில்லுக்கும் அவருடைய சொந்தக் கட்சிக்கும் தகராறு. நெருக்கடி உச்சத்தில் இருந்த ஜனவரியிலேயே தண்ணீர்ப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கித் துணை மேயர் இயன் நீல்சனிடம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் கட்சித் தலைவர் மூசி மைமானே, டே ஜீரோவை முறியடிக்கும் இயக்கத்துக்குத் தான்தான் தலைவர் என்று மேடையேறினார். நகர நிர்வாகத்தில் எந்தப் பதவியும் இல்லாதவர்! சொத்து மதிப்பை வைத்து ‘வறட்சி வரி’ போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சுமார் 60,000 பேர் கருத்து எழுதி அனுப்ப, அதுவும் கைவிடப்பட்டது.

இத்தனை குழப்பத்துக்கு நடுவில்தான் 2015 தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் குடித்த ஊர், 2018இல் 50 கோடியை ஒட்டி வந்து நின்றது. எங்கள் வகுப்பில் இதை ‘பயம் சாதித்தது’ என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. 2017 முடிவிலேயே பயன்பாடு 60 கோடியை ஒட்டி இறங்கிவிட்டது. பெரும்பகுதி வேலையை முடித்தது படிப்படியாக இறுகிய கட்டுப்பாடு, ஏறிய கட்டணம், குழாயின் அழுத்தத்தைக் குறைத்தது, அதிகம் இழுக்கும் வீடுகளுக்குப் பூட்டிய கட்டுப்பாட்டுக் கருவி. ஏப்ரல் 12 என்ற தேதி கடைசிப் பத்துக் கோடிக்குத்தான் உதவியிருக்கும். அந்தப் பத்துக் கோடியும் சாதாரணமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக் கணக்கு

அப்சர்வேட்டரி என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டில் தங்கினோம். பதினேழு பேர், மூன்று கழிப்பறை, இரண்டு குளியலறை, ஒரு துணி துவைக்கும் இயந்திரம். 50 லிட்டர் கணக்கில் வீட்டுக்கு நாளொன்றுக்கு 850 லிட்டர். பிப்ரவரி 1 காலையும் மறுநாள் காலையும் நடைபாதையில் இருந்த இரும்பு மூடியைத் திறந்து மீட்டரைப் படித்தோம். 1,900.

அன்றைய தலைவர் ஒரு ஜெர்மானிய மாணவர், பொறியாளர். அரை மணி நேரத்தில் அழகான அட்டவணை தயார். யார் எப்போது குளிப்பது, எத்தனை நொடி, எல்லாம் நிறம் பிரித்து. மறுநாள் 1,640. அதற்கும் மறுநாள் 1,710. அட்டவணையை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அன்றிரவு அம்மாவிடம் பேசினேன். நங்கநல்லூரில் இருக்கிறாள். “ஏண்டி, தண்ணி இல்லாத ஊருக்குப் போய் என்னடி தலைமை படிக்கிற? கக்கூஸ் டேங்க் ஒழுகுதான்னு பாத்தீங்களா?” என்றாள். பார்க்கவில்லை. பதினைந்து முதுகலை மாணவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சமையலறையில் மஞ்சள் தூள் இருந்தது. மூன்று கழிப்பறைத் தொட்டிகளிலும் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரும் போகக் கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாடிக் கழிப்பறையின் கிண்ணத்தில் மஞ்சள் மெல்ல மெல்லக் கோடாக இறங்கியது. ரப்பர் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. மறுநாள் வீட்டுக்காரர் ஆளை அனுப்பி மாற்றினார். அடுத்த அளவு 1,160.

மீதி வாளியின் வேலை. ஷவரைத் திறந்து வெந்நீர் வரும்வரை ஓடவிடும் குளிர்நீர் மட்டுமே அரை வாளி தேறும், அதைப் பிடித்தோம். பத்து லிட்டரில் தலைக்குக் குளிக்க முடியும் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. சொம்பு இல்லை, அளவுக் குவளை ஒன்றைக் கொடுத்து, உட்கார்ந்து குளிக்க வேண்டும், நின்றால் பாதி வீண் என்று சொல்லிக் கொடுத்தேன். இதை ஒரு பிரேசில்காரனுக்குக் கையைக் காற்றில் ஆட்டி விளக்கியது என் வாழ்க்கையின் மறக்க முடியாத வகுப்புகளில் ஒன்று. குளித்த அழுக்குத் தண்ணீர் கழிப்பறைக்கு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் எதுவும் போகாது. அரை வாளியை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பாத்திரம் கழுவ இரண்டு டப்பா, ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல்.

பிப்ரவரி 7ஆம் தேதி 790. வரம்புக்குக் கீழே வந்துவிட்டோம்.

ஹார்வர்டின் ரொனால்ட் ஹைஃபெட்ஸ் பிரச்சினைகளை இரண்டாகப் பிரிப்பார் என்று முதல் வாரமே படித்திருந்தோம். தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யக்கூடியவை ஒரு வகை. சம்பந்தப்பட்டவர்களே தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்தான் தீருபவை இன்னொரு வகை. வாஷர் முதல் வகை, வாளி இரண்டாம் வகை என்று பேராசிரியை அன்றிரவு பலகையில் எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைய தலைவர் பட்டியலில் என் முறை இன்னும் வரவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் காலையில் மீட்டரைப் படித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எண்ணை எழுதும் வேலை எப்படியோ என்னுடையதாகிவிட்டிருந்தது.

கூட்டி எழுதிய எண்

பிப்ரவரி 5ஆம் தேதி நகராட்சி டே ஜீரோவை ஏப்ரலிலிருந்து மே 11க்குத் தள்ளியது. விவசாயிகள் தங்கள் ஒதுக்கீட்டை எடுத்து முடித்துவிட்டதால் அந்தப் பக்கம் இழுப்பு குறைந்தது என்று காரணம் சொன்னார்கள். அதே சமயம் க்ரூன்லாண்ட் பகுதி விவசாயிகளின் நீர்ச் சங்கம் தன் சொந்த அணையிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டது. வீட்டில் உடனே ஒரு தளர்ச்சி. “இன்னும் ஒரு மாதம் கிடைத்துவிட்டதே” என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்கும் அந்த மாதத்துக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் 17ஆம் தேதி கிளம்பிவிடுவோம். இருந்தும் குளியலறையில் ஷவர் சத்தம் நீண்டதைக் கேட்டேன்.

8ஆம் தேதி காலை மீட்டர் காட்டியது 780. கதவில் 880 என்று எழுதினேன்.

திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பேனாவை எடுக்கும்வரை அந்த எண்ணமே இல்லை. எழுதிய பிறகு, அழிக்கத் தோன்றவில்லை. வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று காலை உணவில் பேச்சு வந்தது, ஒருவர் தன் சட்டைகளைத் துவைக்காமல் திரும்ப எடுத்து வைத்தார். மறுநாள் 750, எழுதியது 860. அதற்கு மறுநாள் 740, எழுதியது 870.

11ஆம் தேதி ஒரு கென்ய மாணவருக்கு அன்றைய தலைவர் முறை. தன் நாளைப் புகைப்படத்தோடு தொடங்க வேண்டும் என்று மீட்டரைப் படம் எடுத்தார். அவர் செல்பேசியில் 8ஆம் தேதி எதேச்சையாக எடுத்த இன்னொரு படம் இருந்தது. இரண்டையும் கழித்து மூன்றால் வகுத்தால் கதவிலுள்ள எண்கள் வராது. அவர் சத்தம் போடவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, “இதை நீயே சொல்கிறாயா, இரவுக் கூட்டத்தில் நான் கேட்கவா?” என்றார்.

நானே சொன்னேன். மண்டேலா விடுதலையாகி நகர மண்டபத்து மாடத்திலிருந்து பேசிய நாளின் 28ஆம் ஆண்டு நிறைவு அது. பகலில் அந்த மண்டபத்துக்கு எதிரே உள்ள மைதானத்தில் ராமபோசாவின் பேச்சு. மாலையில் வீட்டு வரவேற்பறையில் என் ஒப்புதல் வாக்குமூலம். கூட்டத்தில் யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். ஜெர்மானியர் மட்டும் கேட்டார்: “எங்களை நம்பவில்லை என்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

அதன்பின் பயன்பாடு ஏறிவிடும் என்று பயந்தேன். ஏறவில்லை. 760, 750, 755. ஆனால் குளிர்சாதனப் பெட்டிக் கதவை யாரும் பார்ப்பதில்லை. காலையில் ஒவ்வொருவராக நடைபாதைக்குப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து தாங்களே படித்துவிட்டு வந்தார்கள்.

இரண்டும் ஒன்றா?

ஆய்வை எழுத உட்கார்ந்தபோது எனக்கு வசதியான ஒரு வாதம் கையில் இருந்தது. நகராட்சியும் அதைத்தானே செய்தது? நாங்கள் இருக்கும்போதே 13ஆம் தேதி டே ஜீரோ ஜூன் 4க்குப் போனது. ஊர் திரும்பிய வாரத்தில் ஜூலை 9. மார்ச் தொடக்கத்தில், மழை பெய்தால் 2018இல் டே ஜீரோவே இல்லை என்றார்கள். ஆரம்பத்திலிருந்தே பூச்சாண்டிதான் காட்டினார்கள் என்று கேப் டவுன்வாசிகள் பலர் கசந்துகொண்டார்கள். பூச்சாண்டி காட்டியாவது தண்ணீரைக் காப்பாற்றினால் அது தலைமை இல்லையா என்று முதல் வரைவில் எழுதியும்விட்டேன்.

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். நகராட்சி அணை மட்டத்தையும் பயன்பாட்டையும் வாரா வாரம் வெளியிட்டது. வேண்டியவர்கள் அதே எண்களை வைத்துத் தாங்களே தேதியைக் கணக்குப் போட முடிந்தது, போட்டவர்களும் உண்டு. உள்ளே போட்ட எண் மாறியதால் வெளியே வந்த தேதி மாறியது. என் எண்ணில் உள்ளே போட எதுவும் இல்லை. அது நேரடிப் பொய். நகராட்சி செய்த தவறு வேறு: நிலைமைக்கு ஏற்ப நகரக்கூடிய ஒரு கணிப்பை, நகராத தேதி மாதிரி ஊருக்குச் சொன்னது. இறங்குமுகமாக எண்ணிப் பழகிய மக்களிடம் தேதியைத் தள்ளினால் நல்ல செய்தியாகக் கேட்காது, ஏமாற்றமாகத்தான் கேட்கும்.

இன்னொன்றையும் அந்த ஊரில்தான் பார்த்தேன். நகர விளிம்பிலுள்ள கயலிட்ஷா என்ற பகுதிக்குப் போனோம். குடிசைப் பகுதிகளில் தெருவுக்கு ஒரு குழாய். பெண்கள் 20 லிட்டர் வாளியைச் சுமந்து போகிறார்கள். ஊரின் மொத்தப் பயன்பாட்டில் இப்படிப்பட்ட குடியிருப்புகளின் பங்கு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. குழாயடியில் நின்ற அம்மாவிடம் எங்கள் அன்றைய தலைவர் டே ஜீரோவுக்கு எப்படித் தயாராகிறீர்கள் என்று கேட்டார். அவர் வாளியைக் கீழே வைக்காமலேயே சிரித்தார். கேள்வி கேட்டவர் அதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். யாருக்காகக் குறித்த தேதி அது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு இரவு பேசினோம். பேராசிரியையின் திட்டத்தில் இல்லாத இரவுகள் அவை.

அந்த இரவுகளில் ஒன்றில் நான் 2003ஐச் சொன்னேன். சென்னையில் நான் பள்ளிப் பெண்ணாக இருந்தபோது, மழைநீர் சேகரிப்பு அமைப்பு இல்லாத வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஜெயலலிதா அரசு கெடு வைத்தது. அப்பா புலம்பிக்கொண்டே ஆள் வைத்துக் குழி வெட்டி, உடைந்த செங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கடுக்காகப் போட்டார். அதுவும் பயம்தான், அதுவும் தேதிதான். ஆனால் அந்தத் தேதி நகர்ந்தபோதும் யாருக்கும் ஏமாற்றமில்லை. ஏனென்றால் அது அணையைப் பற்றிய கணிப்பு இல்லை. அரசாங்கம் தான் என்ன செய்யப்போகிறது என்று சொன்ன தேதி. ‘நான் இதைச் செய்வேன்’ என்பதும் ‘இது நடக்கும்’ என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே போஸ்டரில் ஒட்டினால் குழப்பம்தான். ஆய்வில் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்தப் பத்திதான்; மீட்டர் பத்திக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார் பேராசிரியை.

கேப் டவுனில் அந்தக் குளிர்காலத்தில் மழை பெய்தது. ஆண்டு முடிவதற்குள் அணைகள் 70 சதவீதத்தைத் தாண்டின. அக்டோபரில் டி லில் மேயர் பதவியை விட்டு விலகினார்.

அடுத்த வருடம் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டன. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சென்னைக்கு டே ஜீரோ வந்துவிட்டது என்று எழுதின. என்னோடு படித்த கென்ய நண்பர் அந்தச் செய்தியை அனுப்பி, உங்கள் ஊரில் தேதியை யார் அறிவித்தார்கள் என்று கேட்டிருந்தார். ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வர ஜூலை 12 ஆனது. அதற்கு முந்தைய வாரம் அம்மாவைக் கூப்பிட்டேன். வீட்டில் இருந்த அத்தனை குடம், அண்டா, பிரஷர் குக்கர் உட்பட நிரப்பி வைத்திருந்தாள். குழாய் எந்தத் தேதியில் நிற்கும் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன்.

“நிக்கறதுக்குத் தேதியா? அது எப்பவோ நின்னாச்சு. லாரி எப்ப வரும்னுதான் தேதி குடுத்தான். புக் பண்ணி பதினெட்டு நாளாச்சு. நீ வை, கீழ ஏதோ ஹாரன் கேக்குது.”